அங்கே இப்போது வெளிச்சமா

வாலாஜாபாத் தாண்டிப் புளியமர நிழலில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. காலையில் மீனம்பாக்கத்தில் கணவனைச் சிங்கப்பூர் விமானம் ஏற்றிவிட்டு உத்திரமேரூர் திரும்பும் மார்த்தாள், தூங்கும் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள். பவுடர் கலைந்த முகத்தில் வேர்வை வழிகிறது. துடைக்கக் கை ஒழியவில்லை. சாய்ந்த வெயிலில் டிரைவர் டயரைக் கழற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது. "நாலு மணி நேரந்தானே அண்ணி, அண்ணன் இன்னேரம் எறங்கியிருப்பாரு," என்கிறான் கொழுந்தன் அருள்தாஸ். "அவரு கடலையே தாண்டிப் பூட்டாரு. நாம இன்னும் வூடு போய்ச் சேரல," என்கிறாள் அவள். சாயும் வெயிலைப் பார்த்து, "அங்க இப்ப வெளிச்சம் இருக்குதா, இருட்டிப் போச்சா?" என்று கேட்கிறாள். அருள்தாஸ் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறான். ஏர்போர்ட்டில் அழாதவளுக்கு இப்போதுதான் கண் நிறைகிறது.