திரும்பக் கேட்ட சொற்கள்

ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் லாரி மோதித் தலையில் அடிபட்டதிலிருந்து அய்யம்பெருமாளுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. தலைக்காய ஆய்வுக்காக வந்த ஜெயசித்ரா, "பூ, கதவு, ஆடு" என்றாள். சற்றுப் பேசிவிட்டு அவற்றைத் திரும்பக் கேட்டாள்.

"செருப்பு, டிபன் பாக்ஸ், பச்சத் துப்பட்டா" என்றார் அவர். "எல்லாம் ரோட்டுல கெடக்கு."

"போன தடவ வந்த சாருகிட்டயும் இப்படித்தாங்க" என்றாள் அவர் மனைவி மலர்கொடி. "ஹெல்மெட், மூக்குக்கண்ணாடின்னு சொன்னாரு. அந்த சார் ஏங்க வரல?"

அன்று திரும்பும் வழியில் லாரி மோதி அந்த ஆய்வாளர் இறந்ததை ஜெயசித்ரா சொல்லவில்லை. தன் பச்சைத் துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸுக்காக அவள் ரோட்டைக் கடக்கும்போது மலர்கொடி ஓடிவந்தாள். போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அவசரத்தில் மறந்துவிட்டது.

"மேடம், துப்பட்டாவ வுட்டுட்டுப் போறீங்களே!"

ஜெயசித்ரா நடுரோட்டில் நின்று திரும்பினாள்.