தாய்வீட்டுச் சீர்

பஸ்ஸை விட்டு இறங்கிய மகளை ஆதிநாராயணன் ஊருக்குள் விடவில்லை. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு ரோஹிணி பெட்டியைக் கீழே வைப்பதற்குள், அதைத் தூக்கி மறுபடியும் பஸ்ஸுக்குள்ளேயே வைத்தார்.

"தலைப்பிரசவம் நைனா. அம்மா வூட்டுக்கு வராம வேற எங்க போவேன்?"

"திருப்பதிலயே பாத்துக்கலாம். இங்க மட்டும் காலு வைக்காத. ஏறு."

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பெற்ற மகளை இப்படி விரட்டுகிறானே, இவனெல்லாம் மனுஷனா என்று ஒருத்தர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் விறைப்பாக நின்றார். அப்புறம் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

பாவம், அவர்தான் என்ன செய்வார்? போன வருஷம் திருப்பதியிலிருந்து ஸ்வர்ணலதா என்ற விஞ்ஞானி வந்து, வயல் வயலாக மண் எடுத்துப் போய்ச் சோதித்திருந்தார். ஏரிக்கரையில் பழைய பேட்டரி உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறைக்காரன் எப்போதோ மூட்டை கட்டிவிட்டான். அவன் விட்டுப்போன ஈயம் மட்டும் ஆதிநாராயணன் நிலத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

"இந்த நிலத்துல விளையறது எதுவும் வேணாம். பெரியவங்களை விட வயித்துல இருக்கிற குழந்தையைத்தான் இது பாதிக்கும். மூளை வளர்ச்சியே கெட்டுப்போகும்" என்று அந்த அம்மாள் சொன்னதிலிருந்து ஆதிநாராயணனுக்குத் தூக்கம் இல்லை. கெட்டுப்போன மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? தெரிந்தே அதை யார் தலையில் கட்டுவது? அவரால் முடிந்தது ஒன்றுதான். தன் நிலத்து விளைச்சலில் ஒரு மணிகூட மகள் வாயில் படாமல் பார்த்துக்கொண்டார்.

மனைவி செங்கம்மா மகளைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற விடுவார். ஒரு பிடி வேர்க்கடலை இருந்தாலும் பிடுங்கி வைத்துக்கொள்வார். "புள்ளைக்கு ஆசையா ஒண்ணு எடுத்துக்கினு போவக் கூடாதா?" என்று செங்கம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே போவாள்.

மகளிடம் போனில் பேசினால் இன்னும் வேதனை. "அங்க மழையா நைனா? இங்க பேஞ்சாலும் மண்ணு வாசனையே வர்ல. ஏக்கமா கீது" என்பாள். ஊர் நினைப்பில் பெண் இப்படி வாடுகிறதே என்று அவருக்கு மனசு ஆறாது.

ஊரை விட்டுத் தள்ளி இருப்பவர்களாவது நன்றாக இருக்கிறார்களா என்று பார்க்க, ஸ்வர்ணலதா ரோஹிணியின் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார். முடிவு வந்த அன்றே ஆதிநாராயணனையும் செங்கம்மாவையும் திருப்பதிக்கு, மகள் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டார்.

"உங்க ஊர்ல இருக்கிறவங்களை விட இவளுக்குத்தான் ஈயம் ஜாஸ்தி" என்றார்.

ஆதிநாராயணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அது எப்டி மேடம்? ஒரு கீரத்தண்டு கூட நான் அனுப்பலியே. கடைல வாங்கித்தான துன்னுகினு கீது. ஊருக்குள்ள காலு வைக்கக்கூட உடலியே நானு."

ஸ்வர்ணலதாவுக்கும் அதுதான் புரியவில்லை. குழாய்த் தண்ணீர், சுவர்ப் பெயிண்ட், பாத்திரம், மஞ்சள்தூள் என்று வீட்டையே சலித்துப் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றும் இல்லை.

"எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா நிறுத்தலாம். ஆனா இதுவரைக்கும் குழந்தைக்குப் போனதை நம்மால திருப்பி எடுக்க முடியாது" என்றார். ஆதிநாராயணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்வர்ணலதா ரோஹிணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அம்மாடி, மறைக்காம சொல்லு. வேற எதையாவது வாயில போடுறியா?"

ரோஹிணி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

செங்கம்மா வெள்ளந்தியாகச் சொன்னாள்: "சாப்பாடுன்னு நான் ஒண்ணுமே தர்ல மேடம். புள்ளத்தாச்சி நாக்கு மண்ணு கேட்டுதுன்னு, நம்ம வயலு மண்ணத்தான் நல்லா சலிச்சு, முந்தானைல முடிஞ்சாந்து குடுத்தேன்."