செட்ரிக்குக்குக் கூடிய கூட்டம்

செட்ரிக் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவருக்குப் பின்னால் கூட்டம் நின்றது.

சனிக்கிழமைச் சந்தையன்று ஓட்டர்விக் நகரைச் சுற்றிக்காட்டி அவர் கதை சொல்லும் ‘சரித்திர நடை’க்கு இப்படி ஒரு கூட்டம் வந்ததே கிடையாது. வழக்கமாக இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் வழி தவறி வந்தவர், இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

அதுவும் இன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறார்களே! நகர மன்றத்துக்குப் புதிதாக வந்திருக்கும் திருமதி பென்ரோஸ் இன்று நேரில் பார்வையிட வருகிறார். பத்துப் பேராவது வராவிட்டால் நடையை இன்றோடு நிறுத்திவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற செட்ரிக்குக்கு வாரத்தில் மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷம் இந்த நடைதான்.

போன வாரக் காற்றில் அவருடைய அறிவிப்புப் பலகை ஆற்றோடு போய்விட்டது. அதனால் நடுச்சந்தையில் இருக்கும் பழைய கல்தூணுக்குப் பக்கத்தில், சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு அவரே பலகை மாதிரி நின்றார். எப்போதும் அங்கே வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் மீன் வறுவல் வண்டியை இன்னும் காணவில்லை. நிற்கத் தாராளமாக இடம் கிடைத்தது.

“நீங்கதான் கடைசி ஆளா?” என்று கூட்டத்தின் கடைசியில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டே ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார்.

“ஆமாம்மா. என் பின்னாடி நில்லுங்க.”

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். வீடு தீப்பிடித்தால்கூட ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியே ஓடுவார்கள்.

சற்று நேரத்தில் திருமதி பென்ரோஸும் வந்தார். கோட்டில் நகர மன்ற வில்லை மின்னியது. சந்தை முழுக்க ஒருமுறை கண்ணை ஓட்டினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பிறகு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். செட்ரிக்குக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

“வாங்க, போகலாம்!” என்று குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு முதல் ஆள் தயங்கித் தயங்கி நகர, அவர் பின்னால் எல்லோரும் நகர்ந்தார்கள்.

“எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி, இங்க சந்தை கூடலாம்னு ராஜா பட்டயம் எழுதிக் குடுத்தாரு. பன்னி வரலாம், வாத்து வரலாம், பக்கத்து ஊர்க்காரன் மட்டும் வரக்கூடாதுன்னு!”

ஒரு சிலர் சிரித்தார்கள். செட்ரிக்குக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது. அடுத்து, ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் ‘மூன்று வாத்து’ விடுதியின் வாசலில் நின்றார்.

“அந்த ராஜா தங்கின அறை, அதோ அந்த ஜன்னல்தான். ராத்திரி வந்து படுத்தாரு. மூட்டைப்பூச்சி கடிச்ச கடியில விடியறதுக்குள்ள கிளம்பிட்டாரு.”

ஆற்றோரம் அந்தக் காலத்தில் குடிகாரர்களை அடைத்து வைத்த பழைய கல் கொட்டடிக்குப் போனார்கள். “உள்ள ஒரே ஒருத்தனுக்குத்தான் இடம். ரெண்டாவதா குடிச்சவன், அவன் வெளிய வர்ற வரைக்கும் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கணும்.”

“அதுதானே முறை!” என்றது கூட்டம் ஒரே குரலில்.

அப்போது கனத்த சரீரமுள்ள ஒருவர் மெல்ல நழுவி முன்னால் வந்தார். வந்ததுதான் தாமதம், பின்னாலிருந்து கத்தல் கிளம்பியது.

“ஏன்யா, நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?”

“ஆளப் பாரு, இவரு பெரிய துரை! பின்னாடி போய்யா!”

அவர் முகம் சிவந்து பழைய இடத்துக்கே போனார். நம் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்க இவ்வளவு போட்டியா என்று செட்ரிக் உருகிப்போனார். வீட்டில் மனைவிகூட அவர் பேச ஆரம்பித்தால் ரேடியோவைப் போட்டுவிடுவாள்.

தானிய மண்டபம், தேவாலயம், செம்மறி ஆடுகளை ஓட்டி வந்த குறுக்குச் சந்து என்று ஊரையே சுற்றிவிட்டு, மறுபடி கல்தூணுக்கே வந்தார்கள். இடையில் தூறல் போட்டுக் கோட்டு நனைந்தும் ஒருவர்கூட வழியில் கழன்றுகொள்ளவில்லை. வரிசை இன்னும் நீண்டுதான் இருந்தது.

“அவ்வளவுதாங்க!” என்று செட்ரிக் குனிந்து வணங்கினார்.

யாரும் கலையவில்லை. எல்லோரும் அவரையே ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடிந்த பிறகும் போக மனமில்லாமல் நிற்கிறார்களே என்று அவர் பூரித்துப்போனார். கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு திருமதி பென்ரோஸிடம் போனார்.

“எப்படி மேடம் இருந்துது?”

“அருமையாப் பேசறீங்க. நேரம் போனதே தெரியலை.”

“அப்போ சரித்திர நடையைத் தொடர்ந்து நடத்தலாம்தானே?”

திருமதி பென்ரோஸ் உச்சுக் கொட்டினார்.

“அதுக்குத்தான் ஒரு ஈ காக்காகூட வரலையே, அதனாலதானே நான் இந்த மீன் வறுவல் வரிசையில வந்து நின்னேன்!”