இருநூற்றுப் பதினாலாவது வரி

"ஏம்மா, அந்தக் கேஷ் மெமரியைத் தொடாத. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

உமாசங்கர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். பக்கத்து மேஜையில் ரெபேக்காளின் கை அப்படியே நின்றது.

"ஏன் அண்ணே? உங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"என் நல்லதை நான் பாத்துக்கிடுதேன்."

தென்காசியில், குற்றாலம் சாலையை ஒட்டிய ஒரு மாடியில் இருந்தது அந்தச் சிறிய மென்பொருள் கம்பெனி. சீசன் நேரம். ஜன்னலுக்கு வெளியே சாரலும், அருவிக்குப் போகிற வேன்களின் ஹாரனுமாக ஒரே கலகலப்பு. உள்ளே மட்டும் யாரும் அதிகம் பேசவில்லை. நாலு மணிக்கு மேலாளர் நம்பிராஜன், நடந்த ஒரு பிழைக்கு யார் பொறுப்பு என்று மருத்துவமனைக்கு ஓர் அறிக்கை அனுப்பப்போகிறார்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு, என்றைக்கு வர வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து செல்போனில் செய்தி போகும். அந்தப் புரோகிராம் இவர்கள் ஆளுக்கொரு ஃபைலாக எழுதியது. போன வாரம் கடையத்துப் பாலம்மாளுக்குப் புதன்கிழமை என்பதற்குப் பதில் வெள்ளிக்கிழமை என்று போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்க வந்து சேர்ந்த அந்த அம்மாளை டாக்டர்கள் எப்படியோ தேற்றிவிட்டார்கள்.

யார் செய்த பிழை என்று நம்பிராஜன், ஆபீசில் வைத்திருக்கிற ஏஐ ஏஜென்ட்டிடம் கேட்டார். 'உமாசங்கரின் ஃபைல், இருநூற்றுப் பதினாலாவது வரி' என்றது அது.

"ஆமா சார், நான்தான். திங்கக்கிழமையே சரி பண்ணிட்டேன்" என்று உமாசங்கரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அடுத்த மாதம் வரவேண்டிய டீம் லீடர் பதவி அத்தோடு போன மாதிரிதான்.

ரெபேக்காளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மத்தியானம் அவருடைய ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டாள். மொத்தமே நூற்றெண்பது வரிகள்தான்.

"அண்ணே, நீங்க இதைச் சுருக்கி எழுதி ஒரு மாசம் ஆவுது. இல்லாத வரியில எப்படித் தப்பு வரும்? ஏஜென்ட் நேரா புரோகிராமைப் படிக்கல. அனலைஸர் டூல் எப்பவோ படிச்சு எழுதிவச்ச குறிப்பைப் பாத்துச் சொல்லுது. அந்தப் பழைய குறிப்புதான் கேஷ்ல கெடக்கு. அதை அழிச்சா டூல் எல்லாத்தையும், யாரு எப்ப என்ன மாத்துனாங்கங்கிற பதிவோட, புதுசாப் படிக்கும். உண்மை தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? அந்த அம்மா நல்லா இருக்காவ. மெசேஜும் ஒழுங்காப் போவுது. விடு."

அவர் குரலில் இருந்த அவசரம் ரெபேக்காளை உறுத்தியது. புதிதாகப் படித்தால் இதைவிடப் பெரிய தப்பு ஏதும் வெளியே வந்துவிடுமோ? அதற்காகத்தான் இதை ஒத்துக்கொண்டு பேச்சை முடிக்கப் பார்க்கிறாரோ? அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன, ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு?" என்றபடி நம்பிராஜன் வந்தார்.

"சார், அறிக்கை அனுப்புததுக்கு முன்னால கேஷை அழிச்சிட்டு ஒருக்கா கேட்டுப் பாப்போம். பத்து நிமிஷம் போதும்."

"எதுக்கு? அவனே ஒத்துக்கிட்டாம்லா?"

அவள் விவரத்தைச் சொன்னாள். நம்பிராஜன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"அழி, பாப்போம்."

உமாசங்கர் எழுந்துவிட்டார். "வேண்டாம் சார். எல்லாத்தையும் மறுபடி படிக்க நேரம் ஆவும்."

"ஆவட்டும்லே. உனக்கு என்ன அவசரம்?"

ரெபேக்காள் அழித்தாள். டூல் முதல் ஃபைலிலிருந்து படிக்கத் தொடங்கியது. உமாசங்கர் ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு சாரலைப் பார்த்தபடி நின்றார். டீ வந்தது, அவர் எடுக்கவில்லை.

ஒருவழியாகப் புதிய குறிப்பு தயாரானது. ரெபேக்காள் ஏஜென்ட்டிடம் அதே கேள்வியைக் கேட்டாள். பதில் திரையில் விழுந்தது.

"சத்தமா வாசிம்மா. எல்லாரும் கேக்கட்டும்" என்றார் நம்பிராஜன்.

"புரோகிராமில் இப்போது பிழை எதுவும் இல்லை" என்று அவள் வாசித்தாள். அடுத்த வரிக்கு வந்ததும் குரல் தானாக உயர்ந்தது. "உமாசங்கரின் ஃபைலில் கடந்த ஒரு மாதத்தில் எந்தப் பிழையும் இருந்ததில்லை. கேட்டீங்களா சார்!"

பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். உமாசங்கர் திரும்பவே இல்லை.

"சரி, மேல வாசி."

ரெபேக்காள் மூன்றாவது வரிக்கு வந்து நின்றாள். ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு அதே உரத்த குரலில், ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தாள்:

"தேதியைத் தப்பாகக் கணக்கிட்டது ரெபேக்காள் எழுதிய ஃபைல், திங்கட்கிழமை காலையில் அதைத் திருத்தியவர் உமாசங்கர்."