சிங்கப்பூர் போகும் கரண்ட் பில்
அசோக் நகர் வீட்டுக் கூடத்தில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. ஸ்வர்ணலதாவின் ஓரகத்தி நிஷா சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, வீட்டுக் கரண்ட் பில்லைத் தன் கிரெடிட் கார்டில் கட்டுகிறாள். "அக்கா, பாயிண்ட்ஸ் சேந்துடுச்சு! சிங்கப்பூருக்கு எங்க ரெண்டு பேர் டிக்கெட்டும் ஃப்ரீ!" வளையல்கள் குலுங்குகின்றன. தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கும் ஸ்வர்ணலதா நிமிரவில்லை. இரண்டு வருடமாகப் பாதிப் பில்லுக்கு அவளும்தான் நிஷாவிடம் பணம் கொடுக்கிறாள். "உங்களுக்கு என்னக்கா வாங்கிட்டு வரட்டும்?" "எனக்கு எதுக்கும்மா? நல்லபடியா போயிட்டு வாங்க." குரல் இனிப்பாகத்தான் வருகிறது. நிஷா கணவனிடம் சொல்ல மாடிக்கு ஓடுகிறாள். இனி தன்னால் ஒரு பாயிண்ட்கூட அவளுக்குச் சேரக் கூடாது என்று ஸ்வர்ணலதா எழுந்து மின்விசிறியை நிறுத்துகிறாள். மறுபடி உட்கார்ந்து, வியர்க்க வியர்க்க மிச்சக் காயை நறுக்குகிறாள்.