இடமிருந்து மூன்றாவது

கடைசிப் படத்தின் முன்னால் அந்த அம்மாள் முக்கால் மணி நேரமாக நின்றிருந்தாள். மற்றவர்களெல்லாம் கீழே இருந்த இரண்டு வரியைப் படித்ததும் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட, இவள் மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

புகைப்படக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிழைப்புத் தேடி நாடு விட்டு நாடு போகிறவர்களின் பின்னால் கேமராவும் கையுமாக இருபத்தாறு வருஷம் அலைந்ததன் பலன்தான் இந்தக் கண்காட்சி. பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராகப் பக்கத்தில் போய் நின்றார்.

"இதெல்லாம் நீங்க எடுத்ததா தம்பி?" என்றவள், செல்போனை நீட்டினாள். அதில் ஒரு இளைஞனின் முகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய ஒரே மகனாம், அப்புறம் ஒரு போன்கூட இல்லையாம். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு பஸ் மாறி, வாசலில் பெரிதாக எழுதியிருந்தும் காவலாளியிடம் இரண்டு தடவை வழி கேட்டு வந்திருக்கிறாள்.

ஆரம்ப காலத்தில் அவர் எடுத்த ஒரு முகம் பேப்பரில் வந்து, அதை வைத்தே அந்த ஆளைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து யார் முகத்தையும் எடுப்பதில்லை என்று வைராக்கியம். பேட்டிகளில் மார்தட்டிச் சொன்ன கொள்கையை இவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

"இவனைப் பத்தி..." என்று அவள் ஆரம்பித்ததை அவர் முடிக்கக்கூட விடவில்லை. "மன்னிச்சிடுங்கம்மா. என்கிட்ட ஒரு முகம்கூட இல்லை. எல்லாம் முதுகுதான்."

"அதனால என்ன? கெளம்பின அன்னிக்கு அவன் திரும்பியே பாக்கலை. தெருமுனை வரைக்கும் நான் பாத்ததும் முதுகுதானே." கண்ணாடிமேல் விரலை வைத்தாள். "இதோ, இடது பக்கத்துலேர்ந்து மூணாவது. வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு பாருங்க. இவன்தான்."

படத்தில் ஒன்பது முதுகுகள் ஒரு படகை நோக்கி நடந்துகொண்டிருந்தன. அந்தப் படகு எந்தக் கரைக்கும் போய்ச் சேரவில்லை, ஒருவரும் பிழைக்கவில்லை. கீழே இருந்த இரண்டு வரியில் அதை எழுதியவரே அவர்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. கீழ அவனைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"