மருதாணிக் கை

கணவன் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனதும், அரிசி டப்பாவில் ஒளித்துவைத்திருந்த சிம் இல்லாத ஃபோனைப் பூங்கோதை எடுத்தாள். பக்கத்து வீட்டு வைஃபை எப்படியோ எட்டியது.

‘என்னை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்காரு. யாராச்சும் வாங்க’ என்று பதிவிட்டாள்.

வெறும் எழுத்து எடுபடாது என்று செயலி தானாகவே ஒரு படம் சேர்த்தது: மழை, ஜன்னல், கம்பியைப் பற்றிய மருதாணிக் கை. அழித்தாள், இன்னும் அழகான கை வந்தது.

இதயங்கள் குவிந்தன. ‘அருமையான கவிதை தோழி!’

‘கவிதையில்ல, நெசம்’ என்று பதறி எழுதினாள். அதற்கும் படம் வந்தது: கண்ணீர்த்துளிக்குள் நிலா.

கடைசியில் அம்மாவின் பதில் வந்தது. ‘படிச்சு அழுதே போட்டேன் கண்ணு. எம்புள்ள என்னமா எழுதுது! மாப்பிள்ளைக்கும் இப்பத்தான் அனுப்பி உட்டேன்.’